கணப்புச் சட்டிக்கு ஓர் இடம்

"ராத்திரிக்குப் பனி கொட்டப்போகுது. இந்தச் சட்டியை எங்கேயாவது ஒதுக்கி வை, ஹார்லன். கார் ஷெட்டுல மட்டும் வைக்காதே. போன வருஷம் இது சுகமா உள்ளே படுத்திருந்துச்சு, என் கார் வெளியே விறைச்சுப் போச்சு. இருட்டறதுக்குள்ள இடம் பார்க்கலேன்னா, காலையில பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடுவேன்" என்றாள் மனைவி மார்லிஸ்.

கொல்லையில் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் அந்தப் பெரிய இரும்புக் கணப்புச் சட்டிதான் ஹார்லனுக்குச் சிம்மாசனம். மினசோட்டாவிலேயே கணப்புப் பராமரிப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் கொள்கை. தெருவில் யாரும் மறுத்ததில்லை. அந்த ஊரில் யாரும் எதையும் மறுப்பதில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டு ஓர்வில் வேலியோரம் நின்று சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சீடன் கிடைத்துவிட்டான் என்று ஹார்லன் தொண்டையைச் செருமினார்.

"சட்டி வெச்சிருக்கிறது பெரிசில்ல ஓர்வில். அதைக் காப்பாத்தத் தெரியணும். மொதல்ல சுத்தம்!"

சாம்பலை அள்ளிக் கொட்டாமல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார். சாம்பல் கூழாகி வழிந்து, மார்லிஸ் காலையில்தான் கழுவிய படிக்கட்டில் போய் உறைந்தது.

"ஈரமா வெச்சா துருப்பிடிக்கும். காய வைக்கணும்" என்று உள்ளே நெருப்பு மூட்டினார். ஈரச் சாம்பலில் எரியாத விறகு, புகையை மட்டும் தாராளமாக விட்டது. சமையலறையில் புகை மணி அலறியது.

"உள்ளே யாரோ கத்துறாங்க போலிருக்கு" என்றார் ஓர்வில், பணிவாக.

"அது மார்லிஸ். மணி அப்பவே நின்னுடுச்சு. இப்ப எண்ணெய் பூசணும், பாரு."

சர்ச் விருந்துக்கு வாங்கி வைத்திருந்த சமையல் எண்ணெய் மொத்தமும் சூடான சட்டிக்குள் இறங்கியது. குப்பென்று ஒரு ஜுவாலை எழுந்து, அவருடைய இடது புருவத்தை எடுத்துக்கொண்டு அடங்கியது.

"ஐயோ... சட்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று ஓர்வில் பதறினார். என்ன பக்தி என்று ஹார்லன் உருகிப்போனார்.

சட்டி ஆறியதும் நிலவறைக்கு இறக்கப் பார்த்தார். எண்ணெய் வழுக்கிச் சட்டி கையிலிருந்து நழுவி, நாலு படி உருண்டு, சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே கச்சிதமாகச் சிக்கிக்கொண்டது.

"நான் துணி துவைக்க எப்படிக் கீழே போறது? பறந்தா?" என்றாள் மார்லிஸ். கையில் போன் இருந்தது. "இரும்புக்காரன் நம்பர் எங்கேயோ எழுதி வெச்சேனே..."

ஓர்வில் ஓடி வந்தார். இரண்டு பேரும் முக்கி முனகி வெளியே இழுத்தார்கள்.

"எங்க ஷெட்டுல வேணா வைக்கலாம்" என்றார் ஓர்வில், தரையைப் பார்த்து.

"சேச்சே, உனக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமே இல்லை."

"வேண்டாம்ப்பா."

"சும்மா கொண்டா, ஹார்லன்."

மூன்றாம் முறை கேட்டால்தான் சரி சொல்வது அந்த ஊர் மரியாதை. ஹார்லன் சரி சொன்னார்.

ஓர்வில் வீட்டு ஷெட்டில், பனி தள்ளும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அளவெடுத்தாற்போல் ஓர் இடம் காலியாக இருந்தது. சட்டி அதில் போய் உட்கார்ந்தது. ஓர்வில் மனைவி லவோன் எட்டிப் பார்த்தாள். பார்வையாளர் எண்ணிக்கை கூடியதில் ஹார்லனின் குரலும் கூடியது.

"கவிழ்த்து வை. மேலே எதையும் அடுக்காதே. ஏப்ரல்ல வந்து எடுத்துக்கறேன். அடுத்தவங்க பொருள், பத்திரமா பார்த்துக்கணும், புரியுதா?"

ஓர்வில் தலையாட்டினார். லவோன் ஓடி வந்து ஹார்லனின் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவர்கிட்ட அப்பவே சொன்னேன், வாய்விட்டுக் கேட்டா உங்க மனசு சங்கடப்படும், நீங்களே ஒரு நாள் திருப்பித் தந்துடுவீங்கன்னு. உங்க பொண்ணு பட்டம் வாங்கின விருந்துக்கு ஒரே ஒரு ராத்திரிக்குன்னு எங்ககிட்ட வாங்கிட்டுப் போனது... இப்ப அவ பொண்ணே பள்ளிக்கூடம் போறா!"