ஒன்பது சாரி

1993 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள சிறை ஒன்றில் வெண்டல் என்ற கைதி இரக்கமற்ற சைக்கோவா என்று அளந்தார்கள். நாற்பதுக்கு இருபத்தாறு வந்தது. முப்பதைத் தொட்டால் பரோல் கிடையாது.

அளந்தவன் இயன், வேலைக்கு வந்து மூன்று மாதமான உளவியலாளன். அவனுடைய மேலதிகாரி டாக்டர் மோரீன் தாளைப் புரட்டினார்.

"'குற்ற உணர்ச்சி இல்லாமை'க்கு ஏன்ப்பா பூஜ்யம்?"

"ஒரு மணி நேரத்துல ஒன்பது சாரி சொன்னான் மேடம். நான் அவன் காலை மிதிச்சுட்டேன், அதுக்கும் அவன்தான் சாரி சொன்னான்."

"இந்த நாட்டுல யார்தான் சொல்லல? காலையில கதவுல இடிச்சுக்கிட்டு நான் கதவுக்கே சாரி சொன்னேன். அது வருத்தம் இல்ல, வாய்ப்பழக்கம்."

பூஜ்யத்தை அடித்து இரண்டு போட்டார். இருபத்தெட்டு.

"அதோட, மிதிச்சது நீ. அவன் சாரி சொன்னா அது பொய்தானே?"

பொய்க்கு ஒன்று. இருபத்தொன்பது.

"அவனோட ஃபைலைப் பார்த்துடலாமே மேடம்."

"பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்குப் போனது இன்னும் திரும்பல. நாளைக்குப் பரோல் குழு. மதியம் நானே பேசிப் பார்க்கறேன்."

இயன் நேராக வெண்டலிடம் போனான்.

"உன் மேல தப்பிருந்தா மட்டும் சாரி சொல்லு. சும்மா சும்மா சொல்லாத."

"சாரி சார்."

"இதைத்தான்யா சொல்றேன்."

மதியம் மோரீனின் கை தட்டி, சூடான காபி வெண்டலின் மடியில் கொட்டியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான். மோரீன்தான் நான்கு முறை சாரி சொன்னார்.

"கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான்," என்றார் வெளியே வந்து.

இயனுக்கு மனசு கேட்கவில்லை. "நான்தான் மேடம், சொல்லாதன்னு சொல்லிவெச்சேன்."

மோரீன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "உன்னையே வளைச்சுப் போட்டுட்டானா?"

ஆளை மயக்கிக் காரியம் சாதிப்பதற்கு ஒன்று. முப்பது.

புதன்கிழமை குழு ஏழு நிமிடத்தில் பரோலை மறுத்தது. அடுத்த விசாரணை இரண்டு ஆண்டு கழித்து. மாலையில் காவலர் டெல்பர்ட் அந்த ஃபைலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எல்லாம் அந்தச் சாரியால வந்தது," என்றான் இயன். "நம்ம ஊர்ப் பழக்கம், அவனை மட்டும் விடுமா?"

"நம்ம ஊரா? அவன் அமெரிக்காக்காரன் சார், டெட்ராய்ட். சாரியெல்லாம் இங்க வந்து கத்துக்கிட்டது. வந்த புதுசுல காலை மிதிச்சேன்னு என் மூக்கை உடைச்சவன்."