பாலைவனத்தில் இருபத்தொரு தேங்காய்

பிள்ளைகளின் நண்பர்கள் முன்னால் அப்பாமார் வாயை மூடிக்கொண்டிருந்தாலே பாதி மானம் தப்பும். நான் வாயை மூடித்தான் இருந்தேன். கைதான் சும்மா இருக்கவில்லை.

என் மகள் துளசி சட்டப் படிப்பை விட்டுவிட்டு மரச்சிற்பம் செய்யப் போனாள். இரண்டு வருடம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். (பெரிய வீரன்!) ஸ்பெயினில் ஒரு பாலைவனம். அங்கே ஒரு கிழமைக்கு மட்டும் முளைத்து மறையும் கலைவிழாவுக்கு அவளுடைய மரப்பறவை தெரிவானது.

"பப்பா, நீங்களும் வாறீங்களோ?" என்றாள்.

மறுத்தால் இனிக் கேட்கவே மாட்டாள் என்று பயம். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் என் பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டேன். வெறுங்கையோடு போகலாமா? கடையிலிருந்து இருபத்தொரு தேங்காயைப் போர்வைக்குள் சுற்றி வான் வண்டியில் ஏற்றினேன்.

அங்கே புழுதி, வெயில், அரைகுறை உடுப்பில் சனம். நான் பட்டு வேட்டி. (அதையும் ஒரு வேடமென்று நினைத்துக் கைதட்டினார்கள்.) மாலையில், சில்லுப் பூட்டிய பறவையை நாற்பது பேர் வடம் பிடித்து இழுத்து வந்தார்கள். மேளம் வேறு. எங்கள் கடைக்குப் பக்கத்து ரூ பஜோலில் வருஷா வருஷம் பிள்ளையார் தேர் வரும்போது என்ன செய்வேனோ, அதையேதான் செய்தேன். ஒரு பாறாங்கல் அகப்பட்டது. படார், படார் என்று இருபத்தொன்றையும் சிதறடித்தேன். சனம் ஆர்ப்பரித்தது. துளசி மட்டும் தலையில் கைவைத்தாள்.

"பப்பா, அரெத்! நிப்பாட்டுங்கோ! இஞ்சை ஒரு துண்டுக் குப்பையும் மண்ணில விடேலாது. விட்டா அடுத்த வருஷம் எங்களுக்கு இடமில்லை!"

"பிள்ளையின்ரை பறவைக்குக் கண்ணூறு கழிச்சனான்."

"கண்ணூறே நீங்கள்தான்!"

மண்டியிட்டுப் பொறுக்கத் தொடங்கினோம். சிரட்டைத் துண்டுகளைக் குவிக்க வேட்டியையே அவிழ்த்து விரித்தேன். (உள்ளே காற்சட்டை இருந்தது பிள்ளையார் புண்ணியம்.) மணலைக் கிளறியபடி, அந்தச் சிறகை எப்படிச் செதுக்கினாய் என்று முதல் தடவையாகக் கேட்டேன். இருட்டும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தப் பிள்ளையோடா இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன் என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் பார்வையிட வந்தவர்களுக்கு ஒரு துண்டும் அகப்படவில்லை. அடுத்த வருடத்துக்கும் இடம் கிடைத்தது.

அந்த ஆவணியில், பாலைவனத்தில் பறவையை இழுத்த துளசியின் நண்பர்கள் தேர் பார்க்க ரூ பஜோலுக்கு வந்தார்கள். வீதி நெடுகத் தேங்காய் மலைமலையாய்க் குவிந்திருந்தது. ஆளுக்கொரு தேங்காயை ஓங்கியபடி வேட்டி கட்டிய ஆண்கள். ஒரு பெடியன் அவர்களைச் சுட்டிக்காட்டி அவளிடம் பிரெஞ்சில் கேட்டானாம்:

"உனக்கு மொத்தம் எத்தனை அப்பா?"

இப்போதும் யாராவது தேங்காயைக் கையில் எடுத்தால் போதும். "அங்கை பார், இன்னொரு பப்பா!" என்று வீடே சிரிக்கும்.