மச்சினன் வீட்டு ப்ளூபெர்ரி

இனிமேல் நடைப்பயிற்சி கிடையாது. முடிவு செய்துவிட்டேன். என் கால்கள், என் தீர்மானம்.

டாக்டரம்மா இரண்டு வைத்தியம் சொல்லியிருந்தார். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஒரு கைப்பிடி ப்ளூபெர்ரி சாப்பிட வேண்டும். இதயத்துக்கு நல்லதாம், ஞாபகத்துக்கு நல்லதாம், குடலுக்கும் நல்லதாம். இத்தனையையும் ஒரு பழமே பார்த்துக்கொள்ளும்போது கால் எதற்கு? இரண்டாவது வைத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பழமும் லேசுப்பட்டதில்லை. மேலே சாம்பல் பூத்திருக்கும். கடித்தால் தோல் பட்டென்று வெடிக்கும். முதலில் புளிப்பு. முகத்தைச் சுளிக்கப் போகும்போது இனிப்பு. அறுபத்தேழு வயதில் புதிதாக ஒட்டிக்கொண்ட ஒரே கெட்ட பழக்கம்; அதையும் நல்லது என்கிறார்கள்.

"நடக்க மாட்டேன்" என்றேன் மனைவியிடம்.

"சரி" என்றாள்.

நாற்பது வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் சரி. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் கிண்ணம் வரவில்லை.

"பழம் எங்கே?"

"தம்பி வீட்டுல."

"ஏன், அதுக்குக் கால் முளைச்சுதா?"

"நம்ம ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் கல்லாக்குது. அவன் வீட்டுல குடுத்து வெச்சிருக்கேன். போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

"நீ வாங்கிட்டு வாயேன்."

"பழம் யாருக்கு வேணும்? எனக்கா?"

மச்சினன் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் இரும்புப் பாலம். ஏற ஐம்பத்திரண்டு படி, இறங்க ஐம்பத்திரண்டு படி. ஸ்கூட்டர் ஏறாது. ஆனால் இது நடைப்பயிற்சி அல்ல. பழம் தின்னப் போவது. இரண்டும் வேறு.

மச்சினன் பெண்டாட்டி கிண்ணத்தை நீட்டுவாள். "ஒரு கைப்பிடிதான், அண்ணா." அவள் கையோ குழந்தைக் கை.

ஒரு மாதம் தினமும் காலையில் போனேன். ஒருநாள் சாயங்காலமும் நாக்கு ஊறியது. வழக்கமாக அந்த நேரம் நூலகத்தில் பேப்பர் படிப்பேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பாலம் ஏறினேன்.

உச்சியில் மச்சினன். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"எங்கே மாப்பிள்ளை?"

"உங்க வீட்டுக்குத்தான் அத்தான். ப்ளூபெர்ரி சாப்பிட."

"என் வீட்டுல ஏது ப்ளூபெர்ரி?"

"எங்க ஃப்ரிட்ஜ் குளிர்றதே இல்லையாம். என் பொண்டாட்டி என் டப்பாவை அக்காகிட்ட குடுத்து வெச்சிருக்கா. தினம் சாயங்காலம் வர்றேனே!"

"அந்தக் குளிராத ஃப்ரிட்ஜுலதான்டா என் டப்பா இருக்கு!"

கீழே ரயில் ஒன்று போனது. கடைசிப் பெட்டி போனதும் கேட்டேன்.

"உன்னையும் நடக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். இவளும் உடனே சரின்னுட்டா."

அங்கேயே ஒப்பந்தம் போட்டோம். அவன் திரும்பிப் போய் என் பழத்தைத் தின்பது. நான் திரும்பிப் போய் அவன் பழத்தைத் தின்பது. நாளை முதல் ஒருவரும் பாலம் ஏறுவதில்லை. கை குலுக்கினோம்.

வீட்டுக்கு வந்தேன். நேரே ஃப்ரிட்ஜ். முட்டைக்கோசுக்குப் பின்னால் டப்பா. திறந்தேன். காலி.

"அவன் பழம் எங்கே?"

"காலையில ஷூ மாட்டும்போதே, சாயங்காலமும் போனா என்னன்னு முணுமுணுத்தீங்க. ரெண்டு பேரும் பாலத்துல முட்டிக்குவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மத்தியானமே ரெண்டு பேர் பழத்தையும் டாக்டரம்மா ஃப்ளாட்டுக்கு அனுப்பிட்டோம்."

"எந்த மாடி?"

"அஞ்சாவது. லிஃப்ட் கிடையாது."

"நான் போக மாட்டேன்."

"போகாதீங்க. வராதவங்க பங்கு வந்தவங்களுக்குன்னு சொல்லியிருக்கு. தம்பி கிளம்பி அஞ்சு நிமிஷம் ஆச்சாம்."

ஓடினேன்.