நல்ல நேரத்துக்கு ஒரு நிறைகுடம்

"பிளாஸ்க்குக்கு முன்னாலை வெத்திலை மாத்தேலாது!" என்றார் தங்கராசா.

சிறீதரன் பிளாஸ்க்கின் தலையில் வைத்த தேங்காயைத் திரும்ப எடுத்தார்.

ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து இரண்டு குடும்பங்களும் ஒரே வேனில் பால்டிக் கடற்கரைப் பக்கம் புறப்பட்டது, சும்மா ஊர் பார்க்கத்தான். மூன்று வருடமாக "யோசிப்பம்" என்பதைத் தவிர வேறு சொல் சொல்லாத தங்கராசா, இடிந்த மடாலயத்தின் வாசலில் இறங்கியதும், கடற்காற்று பட்டோ என்னவோ, தன் மகன் மதீசனுக்கு சிறீதரனின் மகள் ஆதிரையைக் கலியாணம் செய்துவைக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் விடிந்தால் ஆடி. இன்றைய நல்ல நேரம் முடிய இருபது நிமிடம். அதற்குள் நிறைகுடம் வைத்து வெற்றிலைத் தட்டு மாற்றியாக வேண்டும். விட்டால் மனிதர் மறுபடி யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

"தேங்காய் கிடக்கு, வெத்திலை கிடக்கு. ஒரு குடம் தேட ஏலாதோ உங்களாலை?" என்றாள் மனைவி ஜெயமலர். தேங்காயும் பூசைச் சாமானும் இல்லாமல் டோர்ட்மண்ட் எல்லையைத் தாண்டாதவள் அவள்.

சிறீதரன் பக்கத்துப் பூந்தோட்டத்துக்கு ஓடி ஒரு பூவாளியைத் தூக்கிவந்தார். தண்ணீர் நிரப்பினால் அடியில் ஓட்டை.

"லட்சுமி ஒழுகிப் போயிடுவா. வேண்டாம்," என்றார் தங்கராசா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

வாளியைத் திருப்பி வைக்கப் போன இடத்தில், மாவிலைக்குப் பதிலாக ஆப்பிள் மரத்தில் ஐந்து இலை முறித்தார் சிறீதரன். தோட்டக்காரர் கண்டுவிட்டார்.

"ஃபெர்போட்டன்!" தொடக்கூடாதென்று கத்தினார்.

இலையும் கையுமாகச் சிறீதரன் ஓட, தோட்டக்காரர் துரத்த, வழியில் ஒரு இடிந்த ஜன்னல் திட்டில் பளபளவென்று செப்புக் குடம் ஒன்று தனியே இருந்தது. பத்து நிமிடத்தில் திருப்பி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அள்ளிக்கொண்டு ஓடினார்.

"மூடி இறுகிப்போய்க் கிடக்கு அண்ணை. தண்ணி விடேலாது," என்றார் சிறீதரன்.

தங்கராசா வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "பாரமாக் கிடக்கு. தளம்பவும் இல்லை. நிறைகுடம்தான், வையுங்கோ!"

குடத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். இலை சுற்றித் தேங்காய் ஏறியது. நல்ல நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் தட்டு மாறியது. ஆதிரையும் மதீசனும் குடத்தின் முன் விழுந்து கும்பிட்டார்கள். தங்கராசாவே கற்பூரம் காட்டினார். சிறீதரனுக்கு மூன்று வருடத்துக் கவலை அப்போதுதான் இறங்கியது, வெட்கமில்லாமல் அழுதார்.

நிமிர்ந்து பார்த்தால், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு ஜெர்மன்காரர். துரத்தி வந்த தோட்டக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பாத்தீங்களே, எங்கடை சடங்குக்கு எவ்வளவு மரியாதை!" என்றார் தங்கராசா பெருமையாக.

கூட்டத்திலிருந்து ஒரு வயதான பெண் முன்னே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிறீதரனின் கையைப் பிடித்தாள்.

"உயிரோடு இருந்தபோது என் கணவரை ஒருவரும் இப்படிக் கும்பிட்டதில்லை. மிகவும் நன்றி. இனி அவரைத் தருகிறீர்களா? சாம்பலைக் கடலில் கரைக்கப் படகு காத்திருக்கிறது."