ரேவதி அக்காவின் கல்யாணத்தை நான் ரத்து செய்த கதை

ஒரு கல்யாணத்தை நடத்த ஊரே கூட வேண்டும். அதை அழிக்க, கம்ப்யூட்டரை அரைகுறையாகப் படித்த ஒருவன் போதும். எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான்தான் என்பதை இத்தனை வருஷம் கழித்து எழுத்து மூலமாக ஒப்புக்கொள்கிறேன். (வாய் மூலமாக ஒப்புக்கொண்டு பல காலம் ஆகிறது. வீட்டில் வேறு வழி விடவில்லை.)

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்துவிட்டுத் திருத்தணியிலிருந்து தினமும் காலை ரயிலில் அம்பத்தூர் போய், ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயரும் முகவரியும் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கு அது போதும். டிவி ரிப்பேர் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிக் கழுத்து வலிக்காத குறை.

அந்தத் தை மாதம் ரேவதி அக்காவுக்கு மலைக் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளையை நான் பாவா என்பேன், அவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. பரம சாது, ரயில் தாமதமாக வந்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷன். அவருடைய அம்மா நகரியில் இருந்தார். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அந்த அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். ஒரே மகனின் கல்யாணம். "முகூர்த்தத்தத் தள்ள வேணாம். போட்டோ புடிச்சாந்து காட்டுங்க, எனக்கு அது போதும்" என்று கட்டிலில் படுத்தபடியே சொல்லி அனுப்பினார்.

ஸ்டூடியோ தாமோதரனுக்கு முன்பணம் கொடுக்க எங்கள் நைனா, அதாவது அப்பா, கிளம்பினார். நான் வாசலிலேயே மறித்தேன்.

"இந்தக் காலத்துல யாராவது ஆல்பம் போட்டுகினு இருப்பாங்களா நைனா? நானே எடுக்கிறேன். எல்லாத்தையும் இன்டர்நெட்டுல ஏத்திடலாம். நகரியில இருந்தும் பாக்கலாம், நியூயார்க்குல இருந்தும் பாக்கலாம்."

நியூயார்க்கில் எங்களுக்கு யாரும் இல்லை. நகரியில் அத்தை வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை. ஆனாலும் நைனா அசந்துபோய் உள்ளே திரும்பிவிட்டார்.

இரவல் கேமராவில் கல்யாணத்தை எடுத்துத் தள்ளினேன். யாராவது செல்போனை நீட்டினால் "நடுவுல வராதீங்க, நான் இருக்கிறேன்ல" என்று விரட்டினேன். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து, அத்தனை படத்தையும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இணையக் கிடங்கில் ஏற்றினேன். முதல் மாதம் இலவசம், அப்புறம் மாத வாடகை. இரண்டு குடும்பத்திலும் கிரெடிட் கார்டு வைத்திருந்தவர் பாவா ஒருவர்தான் என்பதால் அவருடைய கார்டு நம்பரைக் கொடுத்தேன். கேமராவைத் துடைத்தாற்போல் காலி செய்து நண்பனிடம் திருப்பிக் கொடுத்தேன். நான்கு படமாவது பிரின்ட் போடச் சொன்னாள் அக்கா. "எங்க ஓடிடப் போவுது? அத்தைக்குக் கால் சரியானதும் சென்டருக்கே கூட்டியாந்து பெருசா காட்டறேன்" என்றேன்.

மூன்றாவது மாதம் பாவா தயங்கித் தயங்கி, "மச்சான், அந்தக் கார்டுல ஏதோ மாசாமாசம் போய்கினே இருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க, சும்மாதான் கேட்டேன்" என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வந்த ரோஷத்தில் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் நைனாவோடு போய் பேங்க் லாக்கரைச் சரண்டர் செய்திருந்தேன். உள்ளே இருந்த கடைசிக் குண்டுமணித் தங்கம் வரை நாங்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் மேனேஜர் கையெழுத்தே வாங்கினார். ஆகவே கிடங்கு என்று ஒன்று இருந்தால், மூடும்போது நம் பொருளை நம்மிடம் கொடுத்துவிட்டுத்தான் மூடுவார்கள் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை.

ரத்து செய்யும் பொத்தானைத் தேடிப் பிடிக்கவே அரை மணி ஆனது. அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். உங்கள் கோப்புகள் எல்லாம் நிரந்தரமாக நீக்கப்படும், போகத்தான் வேண்டுமா என்று சிவப்பு எழுத்தில் கேட்டது.

"இன்னாபா, திரும்பத் திரும்பக் கேக்குது?" என்றார் சென்டர்காரர்.

"நாம விட்டுட்டுப் போறோம்ல, அந்த வயித்தெரிச்சல்தான்" என்றேன்.

காரணம் கேட்டு ஒரு கட்டம் வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விண்ணப்பமே எழுதினேன்: மதிப்பிற்குரிய ஐயா, என் தமக்கையின் திருமணம் இறையருளால் இனிதே முடிந்துவிட்டபடியால் தங்கள் கிடங்கு இனித் தேவைப்படவில்லை, படங்களைக் கீழ்க்கண்ட முகவரிக்கு அனுப்பி வைக்கவும். அஞ்சல் குறியீட்டு எண்ணையும் மறக்காமல் போட்டேன்.

அப்புறம் காத்திருந்தேன். போஸ்ட்மேனிடம், "ஃபாரின்ல இருந்து ஒரு பார்சல் வரும், பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்தேன். அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்தார். ஒரு மாதம் ஆகியும் வராததால் கம்பெனிக்குக் கடுமையாக ஒரு மெயில் போட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி அனைத்தும் அழிக்கப்பட்டன, மீட்க இயலாது.

அக்காவிடம் சொன்னபோது அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அத்தைக்கு இன்னாடா சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். என் மேல் எனக்கே அவ்வளவு வெறுப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மறுநாளே நகரிக்கு பஸ் ஏறினேன். அத்தை அப்போது கோலூன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "போட்டோ எடுத்தாந்தியா?" என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டோ போச்சு. கல்யாணம் போவலயே?" என்றார். "மறுபடியும் புடிங்க. இந்த தபா நானும் வரேன்."

சொல்வது சுலபம். அக்கா அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதத்துக்கு மேல் மலைக்குப் போகக் கூடாது என்பதால் அவசரம் வேறு. கல்யாணப் புடவை சரியாக இருந்தது. ரவிக்கையை அம்மா நான்கு தையல் பிரித்தும் போதவில்லை. பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் சவரம் பண்ணக் கூடாது என்பது பாவா வீட்டு வழக்கம். மொழுமொழுவென்று தாலி கட்டிய மனுஷன் முகத்தில் இப்போது புதர் மண்டியிருந்தது. தாலி கட்டுகிற மாதிரி நடிக்கக்கூடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நைனாவும் நானும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோ தாமோதரனிடம் போனோம். "நியூயார்க்ல இருந்தே பாக்கலாம்னீங்களே?" என்று ஒரே ஒரு தடவைதான் குத்தினார். பிறகு தொழிலில் இறங்கினார். "முகூர்த்த நாளா பாத்து வாங்க. பின்னாடி கூட்டம் இருந்தாதான் கல்யாணம் மாதிரி இருக்கும். மேளமும் ஓசியில கெடைக்கும்."

அப்படியே ஒரு முகூர்த்த நாளில் ஆட்டோ பிடித்து மலைக்குப் போனோம். அடுத்தவர் கல்யாணக் கூட்டத்துக்கு முன்னால், கோபுரம் தெரிகிற மாதிரி அக்காவையும் பாவாவையும் நிறுத்தினார் தாமோதரன். மாலையை எவ்வளவு அடர்த்தியாகக் கட்டச் சொல்லியும் அக்காவின் வயிறு அதைத் தள்ளிக்கொண்டுதான் நின்றது. வருகிறவர் போகிறவர் எல்லாம் வயிற்றைப் பார்த்தார்கள். பாவாவின் தாடியைப் பார்த்தார்கள். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டார்கள்.

ஒரு அம்மாள் நேராக வந்து பாவாவின் முன்னால் நின்றார். "ஏம்பா, இன்னா மனுசன் நீ? தாடிய வளத்துகினு இத்தினி நாளு எங்க சுத்திகினு இருந்த? இந்தப் பொண்ணு இன்னா பாடு பட்டுதோ! போவட்டும், இப்பவாவது கட்டினியே."

பாவா என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லி என்னை மாட்டிவிட்டிருக்கலாம். "ஆங், லேட்டாயிடுச்சுமா" என்றார். அவ்வளவுதான்.

அத்தை கோலை ஊன்றி முன்னால் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பில்லை. "இன்னா பண்றதும்மா, ஒரே புள்ள. ஓடிகினே இருந்தான். நானும் கால ஒடிச்சினு படுத்துட்டேன், இல்லைனா தையிலேயே புடிச்சாந்து கட்ட வெச்சிருப்பேன்."

அந்த அம்மாள் உருகிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதாம்மா நியாயஸ்தி" என்றார். அக்காவின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்து, கையில் பத்து ரூபாயைத் திணித்துவிட்டுப் பாவாவை மறுபடி ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வாரக்கணக்காகியிருந்தது. தாமோதரன் அந்த நேரம் பார்த்துத் தட்டிய படம்தான் ஆல்பத்தின் முதல் பக்கம்: வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அக்கா, கோலோடு அத்தை, கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி விழிக்கிற பாவா.

அத்தை இருந்தவரை அந்த ஆல்பம் அவர் கட்டில் பக்கத்திலேயே இருந்தது. இன்றைக்கும் வீட்டில் யாராவது போனில் எதையாவது அழிக்கப் போனால், "குமாரு மாமாவக் கேட்டுகினு அழி" என்று என்னைத்தான் இழுப்பார்கள். கேட்டுப் பழகிவிட்டது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் கீர்த்தனா தன் கல்லூரித் தோழிகளுக்கு ஆல்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். "எங்க அம்மா அப்பா கல்யாணத்துக்கு எங்கள யாரும் கூப்பிடவே இல்லப்பா" என்று ஒரு பெண் விளையாட்டாகக் குறைப்பட்டுக்கொண்டாள்.

கீர்த்தனா முதல் பக்கத்தில் அம்மாவின் வயிற்றின் மேல் விரலை வைத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் போயிருந்தேன். மாமாதான் கூட்டினு போனாரு."