பனிப்பாறை கை நனைத்த கதை

வெள்ளானூரில் உட்கார்ந்துகொண்டு அண்டார்டிகா வானிலைக்காகப் பதறும் ஒரே ஜீவன் எங்கள் தெரு பனிப்பாறைதான். ஆவடி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் பேச்சு தாங்காமல் பாதி வழியில் இறங்கி நடந்தவர்கள் வைத்த பெயர் அது.

போன மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். நின்றுபோன ஆட்டோவை நான் மூச்சிரைக்கத் தள்ளுகிறேன். அவர் சாவகாசமாகத் திரும்பி, "சார், கிரீன்லாந்துல பனி பேயுற எடத்துல மழ பேயுதாமே, கேட்டியா?" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவருடைய ஒரே மகள் செல்விக்குத் திருவொற்றியூரில் வரன் அமைந்தது. பையன் தங்கம். செல்விக்கும் பிடித்துவிட்டது. அந்தப் பையன் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும் என்பதுதான் வில்லங்கம்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். அங்கே கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். இலை போட்டுச் சோறும் பரிமாறியாயிற்று. பனிப்பாறை கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"காத்து சூடானா ஈரத்த ஜாஸ்தி தூக்கும். அது தென்துருவத்துல பனியா உழுந்தா, கடல் தண்ணி ஐஸா தரை மேலயே தங்கிடும். நமக்கு நல்லது. அதுவே மழையா உழுந்தா, கீற ஐசையும் கரைச்சி கடல்ல உட்ரும், கடல் ஏறிடும். எது ஜாஸ்தின்னு தெரியாம எப்டி பொண்ண குடுக்கறது?"

மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாக, "சோறு ஆறுது, அண்ணாத்தே" என்றார்.

பனிப்பாறையின் மனைவி மகளுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொல்லி, அவர் முன்னால் நீட்டினார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"நைனா, கடலு அந்த ஊட்டாண்ட எப்ப வரும்?"

"உன் பேரப் புள்ளிங்க காலத்துல வரலாம்மா."

"அதுக்குள்ள எத்தினி தபா வெள்ளானூருக்கு வருவேன், உன்னப் பாக்க? சாப்புடு நைனா."

கடலைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்கு இருந்தது எங்கள் மரமண்டைகளுக்கு அப்போதுதான் உறைத்தது. மெதுவாக இலையில் கை வைத்தார்.

கல்யாணமும் நடந்தது. இப்போது வாராவாரம், கடல் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திருவொற்றியூருக்குக் கிளம்பிவிடுகிறார். கையில் சுடச்சுடப் பக்கோடா, ஒரு பந்து மல்லிகை.

போன வாரம் திரும்பி வந்தவரிடம், "கடல் எப்படி இருக்கு அண்ணாத்தே?" என்று கேட்டேன்.

"பொண்ணு நல்லா கீறா சார்" என்றார்.

அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.