மன்னர் முகம் மிதந்த வாய்க்கால்

வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. ஆனால் செம்பொறை நாட்டிலும் மழை நம்மூர் மாதிரியே ஐப்பசியில்தான் கொட்டும். கொட்டியது அத்தனையும் தாழைத்தெரு மதகு வழியாகத்தான் வெளியேற வேண்டும். மதகு அடைத்துக்கொண்டால் தெருவின் நாற்பது வீடுகளும் முழுகிவிடும். அதனால் இட்லிக்கடை பூங்காவனம் ஞாயிறுதோறும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, சாக்கும் குச்சியுமாக வாய்க்காலில் இறங்கிக் குப்பை பொறுக்குவாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவள் கணவர் இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தார். வெள்ளம் வந்தால் அவரை எப்படிக் காப்பாற்றுவது என்கிற பயம்தான்.

செய்தி மன்னர் காதுக்குப் போயிற்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். உடனே மதகடியில் பாராட்டு விழா. பூங்காவனத்துக்குச் சால்வை, வந்த இருபதாயிரம் பேருக்கும் தண்ணீர் பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் மன்னரின் சிரித்த முகம். குடித்தவர்கள் எங்கே போடுவார்கள்? எல்லாம் வாய்க்காலுக்குள்தான்.

மறுநாளே அவள் சாக்கோடு இறங்கினாள். காவலர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"யம்மா, என்னா பண்றே? ராசா மொகத்தைக் குப்பைச் சாக்குல திணிக்கிறியே!"

"காலி பாக்கெட்டுய்யா இது."

"காலியோ நெறஞ்சதோ, மொகம் மொகம்தான். ஏறு மேல."

விவகாரம் அரண்மனைக்குப் போயிற்று. தூய்மைத்துறை அமைச்சர் மூன்று நாள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் யோசித்து ஆணை பிறப்பித்தார்: மன்னரின் திருமுகம் தாங்கிய எதுவும் குப்பை ஆகாது. வியாபாரிகள் லேசுப்பட்டவர்களா? பால் கவர், பிஸ்கட் உறை, செருப்புப் பெட்டி என்று எல்லாவற்றிலும் மன்னரை அச்சடித்துவிட்டார்கள். தெருவில் எதை எறிந்தாலும் அபராதம் இல்லை. நாட்டில் குப்பையே இல்லை என்று அமைச்சர் அறிவித்தார். சட்டப்படி அது உண்மைதான்.

பூங்காவனம் அமைச்சரையே நேரில் போய்ப் பார்த்தாள்.

"ஐயா, ஐப்பசி பொறந்துடுச்சு. மதகு அடைச்சிக் கெடக்குது. எங்க வூட்டுக்காரரால எழுந்திரிக்க முடியாதுங்க."

"கவலை வேண்டாம், தாயே. திருமுகங்களை உரிய மரியாதையுடன் அகற்றக் குழு அமைத்தாயிற்று. நாதஸ்வரக் கோஷ்டிதான் இன்னும் முடிவாகவில்லை."

"நாயனக்காரங்க வர்ற வரைக்கும் மழை காத்திருக்குமாய்யா?"

காத்திருக்கவில்லை. ஒரே ராத்திரியில் நாற்பது வீடும் முழுகின. கழுத்தளவு தண்ணீரில் நாலு பேர் உதவியோடு கணவரைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் சேர்ப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வயிறு எரியாதா?

மூன்றாம் நாள் அமைச்சர் படகில் வந்து, மொட்டைமாடியில் ஒதுங்கியிருந்த தெருக்காரர்களுக்கு ரொட்டி கொடுத்தார். உறையில் மன்னர் சிரித்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் ரொட்டியைப் பிய்த்துக் கணவருக்கு ஊட்டிவிட்டு, காலி உறையை நீட்டினாள்.

"இத எங்கய்யா போடுறது?"

"போடுவதா! சிவ சிவா! பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் வையுங்கள், தாயே."

அவள் கீழே தண்ணீரைக் காட்டினாள்.

"வூடு அங்கதான் இருக்குது. நீங்களே எறங்கி வெச்சிட்டு வந்துடுங்க."

மாடியிலிருந்த அத்தனை பேரும், அமைச்சர் இறங்கட்டும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.